நான்கு வருட மாதிரித் துணிகளைத் தரையில் பரப்பிப் பார்த்தேன்: கை தேறியிருக்கிறது, மற்றது?

பனியன்வேஸ்ட் (இழையைத் தொடங்கியவர்)

இறுதியாண்டு, துணிக் கலை. இன்னும் மூன்று வாரத்தில் காட்சி. சுவரில் தொங்க வேண்டியது முடிந்துவிட்டது. முடியாமல் கிடப்பது நான்கு பக்கக் கட்டுரை. "படைப்பாளியாக நீ எப்படி வளர்ந்தாய் என்று நீயே எழுது" என்று துறையில் கேட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை எழுதினேன். இரண்டும் ஆண்டுவிழா உரை மாதிரி வந்தது. படித்துப் பார்த்த அறைத்தோழி, "கடைசியில யாருக்குப் பொன்னாடை போத்தப் போறே?" என்று கேட்டாள்.

அதனால் எழுதுவதை விட்டுவிட்டு, நான்கு வருட மாதிரித் துணிகளை விடுதி அறைத் தரையில் தேதி வரிசையில் பரப்பினேன். கட்டிலுக்கு அடியில் வரை போனது.

முதலாண்டு: சங்கிலித் தையலில் மயில். வகுப்பில் பாதிப் பேர் மயில்தான், மீதிப் பேர் கோபுரம். அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கினேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாமாண்டு: மதுரையில் இரண்டு வாரம் சுங்குடி முடிச்சு (துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்குவது). நான் ஒரு முடிச்சுப் போடுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நான்கு போட்டுவிட்டு, என் நகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்த வருடம்தான் அவுரித் தொட்டியும். துணி பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டு, கண்ணெதிரே நீலமாக மாறியதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே மறந்தேன்.

மூன்றாமாண்டு: காஞ்சிபுரம். கட்டத்தாளில் அழகாக ஒரு கொடி வரைந்து கொண்டுபோனேன். நெசவாளர் பார்த்துவிட்டு, "இந்த வளைவு தாள்லதான் வளைவு. தறியில படிக்கட்டாத்தான் வரும். எத்தனை படி வேணும்னு நீ சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான்காமாண்டு: நான் திருப்பூர்ப் பெண். எங்கள் வீட்டைச் சுற்றி மூட்டை மூட்டையாகக் கிடைப்பது பனியன் கட்டிங் வேஸ்ட். அதை ஊடையாக, அதாவது குறுக்கே ஓடும் இழையாக வைத்துக் கல்லூரித் தறியில் 36 அங்குல அகலத்தில் நெய்தேன். தட்டையான, பட்டை பட்டையான ஒரு நொய்யல் ஆற்று வரைபடம் என்பது திட்டம். தறியில் இருக்கும்வரை எல்லாம் சரி. அறுத்து இறக்கிய கையோடு துணி சுருண்டுகொண்டது. சில இடத்தில் அகலம் 29 அங்குலம், நடுவில் அப்பளம் மாதிரி உப்பல். அழுதேன். மறுநாள் காலை மறுபடி பார்த்தபோது, நான்கு வருடத்தில் நான் செய்ததிலேயே இதுதான் உயிரோடு இருக்கிறது என்று பட்டது.

சிக்கல் இங்கேதான். தரையில் பரப்பியதில் மனதை இழுப்பவை இரண்டே இரண்டு. ஒன்று இந்தச் சுருண்ட துணி. இன்னொன்று இரண்டாமாண்டில் முடிச்சுகள் பாதி அவிழ்ந்து, சாயம் உள்ளே கசிந்து கெட்டுப்போன ஒரு சுங்குடித் துண்டு. இரண்டும் தற்செயல். நடுவில் இருப்பதெல்லாம் வருடத்துக்கு வருடம் சுத்தமாகிக்கொண்டே, மந்தமாகிக்கொண்டே போகிறது. கை தேறியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தற்செயலாக வந்த இரண்டை வைத்து "வளர்ந்தேன்" என்று எழுதலாமா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

தார்க்குச்சி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் எங்கள் ஊர். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். ஆனால் சின்ன வயதில் அப்பாவின் தறி ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடா (கரைக்கான ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) தள்ளியவன். கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து கோத்துச் சேர்க்கும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. அந்தக் காலத்துத் தறியில் தனியாள் ஒருவரால் அதை நெய்ய முடியாது. அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். (இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், நல்லதுதான். கோர்வை குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.)

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. நீ "கெட்டுப்போச்சு, ஆனா உயிரோட இருக்கு" என்கிறாய். எங்கள் வீட்டில் துணி கெட்டுப்போனால் அதற்குப் பெயர் டேமேஜ். கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அப்பா ஒருநாள் நெய்ததை மறுநாள் பிரித்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் படைப்பு என்று சொல்லவில்லை.

ஆனால் உன் கேள்விக்கு அப்பாவிடமிருந்தே ஒரு பதில் இருக்கிறது. எந்தத் துணி கைக்கு வந்தாலும் அவர் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கத்தைக் கடைக்காரன் காட்டுவான், பின்பக்கத்தை நெய்தவன் காட்டுவான் என்பார். உன் துணிகளையெல்லாம் திருப்பிப் போட்டு மறுபடி வரிசையாகப் பார்.

---

சாயத்தொட்டி

முதலில் ஒரு கேள்வி: நோட்டு எழுதினாயா? எந்தத் துணி, எவ்வளவு எடை, எந்தத் தண்ணீர், எத்தனை நிமிடம்?

நான் இயற்கைச் சாயம் போடுகிறேன், பதினோரு வருடமாக. ஆரம்பத்தில் எனக்கும் அற்புதங்கள் நிறைய நடந்தன. ஒருமுறை மஞ்சிட்டி வேரில் அப்படி ஒரு சிவப்பு வந்தது. கடுக்காயில் ஊறவைத்து, படிக்காரம் ஏற்றி, பிறகு சாயம், எப்போதும் செய்வதுதான். பருத்திக்குப் படிக்காரம் லேசில் ஒட்டாது, கடுக்காயின் துவர்ப்புதான் அதைப் பிடித்து நிறுத்தும். எல்லாம் அதே அளவு. ஆனால் அடுத்த மாதம் அந்தச் சிவப்பு வரவேயில்லை, செங்கல் நிறம்தான் வந்தது. ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், முதல் தடவை எங்கள் கிணற்றில் மோட்டார் பழுதாகிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தண்ணீர் எடுத்திருக்கிறேன். சுண்ணாம்பு ஏறிய கடினத் தண்ணீர். வேர்ச் சிவப்புக்கு அது பிடிக்கும்.

அந்த முதல் துணியை நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வந்ததில்லை. இரண்டாவது தடவை, தெரிந்தே சுண்ணாம்பு சேர்த்து வரவழைத்ததைச் சொல்வேன்.

உனக்கு மூன்று வாரம் இருக்கிறது. அந்தச் சுருக்கத்தைக் கையகல மாதிரியில் மறுபடி வரவழைத்துப் பார். கட்டுரையை அப்புறம் எழுதலாம்.

---

நொய்யல்கரை

நானும் திருப்பூர்தான். ஆற்றைத் துணியில் நெய்த முதல் ஆள் நீங்கள் இல்லை. எங்கள் ஊர் சாயப்பட்டறைகள் ரொம்ப வருடம் ஆற்றையே துணியாக நினைத்துத் தினம் ஒரு நிறம் போட்டுக்கொண்டிருந்தன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் குறைந்தது. அந்தச் சாயக்கழிவு போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், இதுவரை போகவில்லை என்றால்.

வேஸ்ட் மூட்டை வேண்டுமானால் சொல்லுங்கள். ஒரே ஜிஎஸ்எம்மில் (துணியின் கனம்) பிரித்துத் தரச் சொல்கிறேன்.

---

ஊசிமுனை

கைத்தொழில் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். இந்த மாதிரிக் கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். பெரும்பாலானவை பொய். பிள்ளைகள் மேல் தப்பில்லை. "வளர்ச்சி" என்று கேட்டால் அவர்கள் ஏணி வரைந்து காட்டுவார்கள், வேறென்ன செய்வார்கள்?

ஆன்னி ஆல்பர்ஸை உங்கள் வகுப்பில் கண்டிப்பாகக் காட்டியிருப்பார்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் 1922-ல் சேர்ந்தபோது அவருக்கு நெசவில் ஆசையே கிடையாது. கண்ணாடி வேலைப் பட்டறைக்குப் போகத்தான் விரும்பினார். பெண்களை நெசவுப் பக்கம் தள்ளிவிடும் வழக்கம் அங்கே இருந்தது, வேண்டாவெறுப்பாகத் தறிக்குப் போனார். எட்டு வருடம் கழித்து, 1930-ல், பட்டயத்துக்கு அவர் நெய்தது ஒரு கலையரங்கின் சுவர்த் துணி. ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், மறுபக்கம் சத்தத்தை விழுங்கும். செலோபேன் இழையைச் சேர்த்து நெய்திருந்தார். "என் மனதில் இருப்பதைத் துணி சொல்ல வேண்டும்" என்று நினைக்கிறவர் அதைச் செய்திருக்க முடியாது. இழைக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்கிறவர்தான் செய்ய முடியும். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் காட்சி வைத்தார். அந்த இடத்தில் ஒரு துணிக் கலைஞருக்கு அதுதான் முதல் தனிக் காட்சி. இதை ஏணியாக வரையலாம் என்றால், 60-களில் அவர் தறியிலிருந்து விலகி அச்சுக்கலைக்குப் போய்விட்டாரே, அந்தப் படியை எங்கே வைப்பீர்கள்?

நம் பக்கத்தில் சிற்பி மிருணாளினி முகர்ஜி. பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர். கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்கும் மேலே உருவங்கள் எழுப்பினார். முன்கூட்டி வரைந்துகொள்ளாமல் கயிற்றிலேயே தொடங்கும் வழக்கம் அவருடையது. அது தற்செயலா? இல்லை. அடுத்த முடிச்சை எங்கே போடுவது என்பதைப் போட்ட முடிச்சைப் பார்த்து முடிவு செய்வது.

பழைய கதை ஒன்று. 1966-ல் சென்னை அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது அங்கிருந்த ஓவியர்களுக்குச் சோறு போட்டவற்றில் பாத்திக் துணியும் உண்டு. மெழுகில் வரைந்து சாயத்தில் முக்கி விற்றார்கள். ஆனால் "கலை" என்று அவர்கள் சொன்னது சட்டமிட்ட ஓவியத்தை. துணி, பிழைப்பு. அந்த மேடு பள்ளம் இன்னும் முழுதாக நிரவப்படவில்லை. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் துணிக்கு மேல் ஒரு கதையை ஏற்றி அதைக் கலையாக்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

---

குறுக்கிழை

மேலே ஊசிமுனை மெல்லமாகச் சொன்னதை நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். துணி சுருண்டது. அடுத்த நாள் "வறண்ட நொய்யல்" என்று பெயர் வைத்திருப்பீர்கள். சரியா?

காட்சிகளுக்குப் போனால் இதே நோய்தான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படித்தால் ஆறு, அட்டையைக் கழற்றினால் வேஸ்ட் துணி. வரைபடம் தட்டையாக வந்திருந்தால் அதற்கும் ஒரு ஆறு கிடைத்திருக்கும்.

---

பனியன்வேஸ்ட்

குறுக்கிழைக்கு முதலில். சரி. பெயர் அதேதான். "வறண்ட" கூட அதே. இரண்டு நாள் உங்கள் மேல் எரிச்சலாக இருந்தது, பிறகு கோப்பைத் திறந்து பெயரை அழித்துவிட்டேன்.

தார்க்குச்சி அண்ணா சொன்னபடி எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். வரிசையே மாறிவிட்டது. மயிலின் பின்பக்கம் ஒரே சிக்கல்; ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு நூல் அறுக்காமல் தாவியிருக்கிறது. மூன்றாமாண்டுத் துண்டுகளின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நன்றாக இருக்கிறது. எங்கே நூலை முடிப்பது, எங்கே தாவவிடுவது என்று யோசித்திருக்கிறேன். அப்படி யோசித்ததே எனக்கு நினைவில்லை. மந்தம் என்று நான் ஒதுக்கிய வருடத்தில்தான் அது நடந்திருக்கிறது.

சாயத்தொட்டி அக்கா, நோட்டு இருக்கிறது. பாதிதான். "இன்று மழை, நீலம் அழகு" என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். மன்னிக்கவும்.

ஆனால் மாதிரி நெய்தேன். ஊடையை ஒரு இடத்தில் இழுத்தும் ஒரு இடத்தில் தளர்த்தியும் போட்டதால்தான் சுருங்கியது என்று நினைத்திருந்தேன். அதனால் எட்டு அங்குல அகலத்தில் மூன்று துண்டு: ஒன்று முழுக்க இழுத்து, ஒன்று முழுக்கத் தளர்த்தி, ஒன்று மாற்றி மாற்றி. தளர்த்தியது எதிர்பார்த்தபடி தட்டையாக வந்தது. இழுத்தது லேசாகச் சுருங்கியது. மாற்றி மாற்றிப் போட்டது கொஞ்சம் அலை அடித்தது, அவ்வளவுதான். அப்பளம் எங்கேயும் இல்லை.

ஒரு நாள் முழுக்கப் பெரிய துணியை மடியில் போட்டுக்கொண்டு பட்டை பட்டையாக இழுத்துப் பார்த்தேன். உப்பியிருந்த இடத்துப் பட்டைகள் ரப்பர் மாதிரி நீண்டன, மற்றவை நீளவில்லை. ஒரே துணி, ஒரே கனம். அப்போதுதான் உறைத்தது. பனியன் துணி அகலவாக்கில் நன்றாக நீளும், நீளவாக்கில் அவ்வளவு நீளாது. வேஸ்ட் மூட்டையில் இரண்டு வாக்கிலும் வெட்டிய துண்டுகள் கலந்து வந்திருக்கின்றன. அகலவாக்கில் வெட்டியதை இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறு மாதிரி ஆகி, தறியில் விறைப்பாக நின்றுவிட்டு, இறக்கியதும் பழைய நீளத்துக்கே திரும்பப் பார்க்கிறது. பக்கத்துப் பட்டை விடாது. அந்த இழுபறிதான் உப்பல்.

திருப்பூரில் பிறந்தவள். எங்கள் தெருவில் கட்டிங் மாஸ்டர் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

நேற்று துண்டுகளை வாக்குப் பார்த்துப் பிரித்து நான்காவது மாதிரி நெய்தேன். உப்பல் நான் நினைத்த இடத்தில் வந்தது. முதல் துணி அளவுக்கு அழகாக இல்லை. ஆனால் நினைத்த இடத்தில் வந்தது.

---

சாயத்தொட்டி

"இன்று மழை" கூட உபயோகம்தான். காற்றில் ஈரம் இருந்தால் காயும் நேரம் மாறும். எழுதியதை அழிக்காதே.

நான்காவது மாதிரி அழகாக இல்லாதது எனக்குச் சந்தோஷம். என் சுண்ணாம்புச் சிவப்பும் முதல் தடவை கொஞ்சம் பழுப்பாகத்தான் வந்தது.

---

வேர்மணல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீண்ட நாட்களாக வாசிக்க மட்டும் வந்துபோனேன்.

தரையில் பரப்பிப் பார்க்க எனக்கு மாதிரித் துணி ஒன்றும் மிச்சமில்லை. தையலும் துணி வேலையும் படித்த காலத்தில் செய்தவை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. இடம்பெயர்ந்தபோது பெட்டியைத் தூக்க முடியவில்லை. அதனால் "எப்படி வளர்ந்தாய்" என்று யாராவது கேட்டால் கையைத்தான் கேட்க வேணும். கைக்கு இரண்டு தையல் ஞாபகம் இருக்குது, கண்ணை மூடிக்கொண்டும் போடுவேன். மூன்றாவது ஒன்று இருந்தது. அம்மம்மா காட்டித் தந்தது. தொடக்கம் வரும், முடிப்பு வராது. ஐந்தாறு வருடமாகத் தொடங்கித் தொடங்கி விடுகிறேன். அந்த அரைகுறைகளை இப்போது ஒரு துணியிலேயே வரிசையாகப் போட்டு வைக்கிறேன்.

சிவப்பு என்றதும் இன்னொரு விஷயம். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் எங்கட பக்கத்திலும் சாயவேர் தோண்டுவது பெரிய தொழில், அரசுக்கு வரவு தந்த தொழில். கடலோர மணலில் சின்னச் செடி, விரல் நீளத்துக்கும் மேலே போகும் மெல்லிய வேர். அக்காவிடம் கேட்க வேணும்: கடற்கரை மணலில் கிளிஞ்சல் கிடக்குதே, அந்தச் சுண்ணாம்பும் சிவப்புக்கு உதவியிருக்குமோ?

---

சாயத்தொட்டி

கடலோரச் சுண்ணாம்பு மண்ணில் வளர்ந்த வேருக்கு மவுசு அதிகம் என்றுதான் நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். கொஞ்சம் வேர் அனுப்ப வழி இருந்தால் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அந்த அரைகுறைத் துணியைப் படம் எடுத்துப் போடுங்கள், தயவுசெய்து.

---

தார்க்குச்சி

தங்கச்சி, இன்னொன்று. மூன்றாமாண்டுக் காஞ்சிபுரத் துண்டுகளும் காட்சியில் இருக்குமா? இருந்தால் அட்டையில் யார் பெயர்?

சண்டைக்குக் கேட்கவில்லை. "எத்தனை படி வேணும்" என்று கேட்டாரே ஒருவர், அவர் கேட்ட கேள்வியால்தான் கட்டத்தாளுக்கும் தறிக்கும் உள்ள தூரம் உனக்குத் தெரிந்தது. என் அப்பா நெய்த துணி ஒரு கண்காட்சியில் வடிவமைத்தவர் பெயரோடு மட்டும் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தார். காவலாளி "தொடக் கூடாது" என்றார்.

---

ஊசிமுனை

இதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை. பெயரைப் போடு, குழந்தை. அவரிடம் கேட்டுவிட்டுப் போடு.

---

பனியன்வேஸ்ட்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். நெசவாளரிடம் போனில் பேசினேன். "பேர் போடு, ஆனா அந்தக் கொடி வேணாம், அது உன் மொதல் தப்பு. ரெண்டாவது நெய்ஞ்சதைப் போடு" என்றார். இரண்டாவதில் எத்தனை படி என்று நான் சொல்லியிருந்தேன். அதைத்தான் போடுகிறேன், இரண்டு பெயரோடு.

கட்டுரை இரண்டே பக்கம்தான் வந்தது. வேஸ்ட் மூட்டையின் வாக்கு, நான்கு மாதிரி, அளவுகள். ஆறு இல்லை. மயிலைப் பின்பக்கம் தெரியத் தொங்கவிடுகிறேன். துறையில் ஒருவர் முகம் சுளித்தார், பரவாயில்லை. காட்சி நாளில் யாராவது துணியைத் திருப்பிப் பார்க்க வந்தால் தடுக்காதீர்கள் என்று வாசலில் இருக்கும் அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம், சாயத்தொட்டி அக்காவுக்கு. பெரிய துணியில் நடுப் பட்டைகளைக் கறுப்பாக்கக் கடுக்காய் போட்டு, துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் முக்கினேன். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டலாமா, இல்லை மேலே கம்பியில் கோத்துத் தொங்கவிடலாமா?

---

சாயத்தொட்டி

இழுத்துக் கட்டாதே! இரும்பு பருத்தியை அரிக்கும். பழைய துணிகளில் கறுப்பு இருந்த இடம் மட்டும் ஓட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பாயே. எவ்வளவு நேரம் முக்கினாய்?

---

பனியன்வேஸ்ட்

ஒரு ராத்திரி முழுக்க. நோட்டில் எழுதவில்லை, ஆனால் ஞாபகம் இருக்கிறது. இப்போது போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் இழை பொடிகிறது.

---

சாயத்தொட்டி

உடனே நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை அலசு, பிழியாதே. நிழலில் காயட்டும். காய்ந்ததும் பின்னால் காடாத் துணி வைத்து, கறுப்புப் பட்டைக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் தையலாகப் பிடித்துக்கொள். கனம் முழுக்கக் காடாவில் இறங்க வேண்டும். அப்படியே கம்பியில் கோத்துவிடு.

---

தார்க்குச்சி

பின்னால் காடா வைத்தால் அப்பா எப்படித் திருப்பிப் பார்ப்பார்?

---

பனியன்வேஸ்ட்

ஒரு ஓரம் தைக்காமல் விடுகிறேன் அண்ணா. கூட்டிட்டு வாங்க.